பண்டாரவளையில் எடுத்த பசுமைக் கடன் எப்படி இருக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூரையில் சோலர் போடுவதற்கு இந்தக் கடன் பரவாயில்லை, எடுக்கலாம். ஆனால் வங்கி வாசலில் ‘பசுமை’ என்று பெரிதாக எழுதி மாட்டியிருக்கிற பதாகையை நம்பி, மலையில் இருக்கிறவனுக்கு உண்மையில் தேவையான வேறு எதையாவது கேட்டுக்கொண்டு போனால் சாதாரணக் கடன்காரர்களோடுதான் வரிசையில் நிற்க வேண்டும். வங்கியின் பெயரை எழுதப்போவதில்லை. டவுனில் இருக்கிற மற்ற வங்கிகளிலும் விசாரித்துப் பார்த்தேன், படிவத்தின் நிறம்தான் மாறுகிறது.

எனக்குச் சின்னதாக ஒரு பேக்கரி. பாண், பணிஸ், கிம்புலா பணிஸ், பிறந்தநாளுக்கு கேக். மாப் பிசைகிற மெஷின், இரண்டு ஃப்ரீசர், கரண்டில் ஓடுகிற அவன். 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் ஏற்றினார்கள், அது ஆறுவதற்குள் 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். அந்த மாத பில்லைப் பார்த்த பிறகுதான் சோலர் பற்றி ஒழுங்காக யோசித்தேன். பேக்கரிக்கு அது ஒரு விதத்தில் நன்றாகப் பொருந்தும். எங்களுக்கு வேலை முழுக்க ராத்திரியில், பகலில் கூரை உற்பத்தி செய்வது கிட்டத்தட்ட அப்படியே மின்சார சபைக்குப் போகும், ராத்திரி நாங்கள் எடுப்பதை அதில் கழித்துக்கொள்வார்கள், மிச்சம் இருந்தால் காசு தருவார்கள். நெட் எக்கவுண்டிங் என்று பேர்.

சரி, கடன். லோன் பிரிவில் இருந்த தங்கச்சி பதுளைப் பக்கத்துப் பிள்ளை, நல்ல பொறுமை. “அண்ணே, இது நம்ம பசுமைத் திட்டம், வட்டி கொஞ்சம் குறையும்” என்றார். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், சாதாரண வியாபாரக் கடனைவிட ஒரு சதவீதம் கூடக் குறையவில்லை. கேட்ட கடதாசிகளைச் சொல்கிறேன்: காணி உறுதி, நில அளவைப் படம், மாநகர சபையிலிருந்து வீதிக் கோட்டுச் சான்று, சோலைவரி கட்டிய ரசீது, வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், சோலர் கம்பெனியின் விலைமனு, மின்சார சபையின் அனுமதிக் கடிதம், நிரந்தரச் சம்பளக்காரர் இரண்டு பேரின் பிணை, அதற்கு மேல், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் கிரிப் அறிக்கை. வட்டியில் இறங்கிய அந்த அரைகுறைச் சதவீதத்தில் பாதி, சான்றிதழ் கட்டணத்திலும் நொத்தாரிஸுக்குக் கொடுத்ததிலும் கரைந்துவிட்டது.

ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். சிங்களப் பிரதி இருப்பதாகவும் தமிழ் ‘வந்துகொண்டிருப்பதாகவும்’ சொன்னார்கள். என் மகள் வாசித்துச் சொன்னாள், கையெழுத்துப் போட்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த போஸ்டரில் மட்டும் மூன்று மொழியும் இருந்தது, “நாளைய தலைமுறைக்காக” என்று.

ஆனால் காசு கைக்கு வந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. அனுமதி கிடைத்த பிறகு நேராகச் சோலர் கம்பெனிக்கே போய்விட்டது, நமக்கு அலைச்சல் இல்லை. நாள் போனதெல்லாம் மின்சார சபைப் பக்கம்தான். ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து அனுமதிக் கடிதம் தர ஒரு காலம், பலகை ஏறிய பிறகு மீட்டர் மாற்ற இன்னொரு காலம். கூரையில் பலகை வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழே நான் பழைய மீட்டருக்கு முழு பில்லும் கட்டி, அதோடு வங்கிக்கு முதல் தவணையும் கட்டினேன். அதனால் முதல் தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்களாம், கேட்காதவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

5 கிலோவாட் போட்டேன். நல்ல வெயில் மாதத்தில் ஐந்நூற்றைம்பது யூனிட் தாண்டுகிறது. பெப்ரவரி, மார்ச் பிரமாதம். எங்கள் ஊவாப் பக்கத்துக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில்தான், ஆகவே நவம்பர், டிசம்பரில் மீட்டர் தூங்கும். கம்பெனிப் பையன் காட்டிய வருமான அட்டவணையில் பன்னிரண்டு மாதமும் ஒரே வெயில், அம்பாந்தோட்டைக்குப் போட்ட கணக்கை அப்படியே மலையேற்றிக் கொண்டுவந்திருக்கிறான். ஹட்டன், மஸ்கெலியாக்காரர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தென்மேல் பருவம், மே மாதம் தொடங்கினால் வாரக்கணக்கில் மப்பும் மூடுபனியும், பலகைக்குக் கிடைப்பதெல்லாம் குளியல்தான்.

கூரை மின்சாரத்துக்கு மின்சார சபை தருகிற விலை தனிக்கதை. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசாங்கத்தின் கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய், அதன் பிறகு 15.50 என்றார்கள். அடுத்த வருடமே ஆசிய அபிவிருத்தி வங்கி கூரைச் சோலருக்கென்று 5 கோடி டொலர் கடன் கொடுத்தது, உள்ளூர் வங்கிகள் வழியாகத்தான் அது மக்களுக்கு வந்தது. பிறகு நெருக்கடி வந்து ரூபாய் விழுந்ததும் 37 வரை ஏற்றினார்கள், 2024இல் 27க்கு இறக்கினார்கள், நான் ஒப்பந்தம் செய்தது அந்த விலையில். 2025இல் 5 கிலோவாட் வரைக்கும் 20.90 என்று ஆக்கிவிட்டார்கள், பெரிய கூரைகளுக்கு அதைவிடக் குறைவு. பலகை விலையும் இறங்கியிருக்கிறது, அதனால் விலையைக் குறைத்ததில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். என் ஆத்திரம் வங்கியின் மேல்தான். எனக்குப் பிறகு விண்ணப்பித்த மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இன்னும் 27 ரூபாய்க் கணக்கே அச்சடித்துக் கிடந்தது, ‘ஐந்து வருடத்தில் முதல் திரும்பும்’ என்று அம்புக்குறி வேறு. அந்த மனிதர் அதைப் பார்த்துத்தான் தவணையைத் தீர்மானித்தார்.

இன்னொரு விஷயமும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது ஞாபகம் இருக்கும். ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரைகளிலிருந்து வருகிற மின்சாரம் அதிகம், வலையமைப்பு தாங்கவில்லை என்று பிறகு பேச்சு வந்தது. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் கூரைச் சோலரைப் பிற்பகல் 3 மணி வரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் நன்றாக அடிக்கிற காலம் அது! அணைத்தேன். அதற்காக வங்கி ஒரு ரூபாயாவது தவணையில் குறைத்ததா என்று கேட்காதீர்கள். 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. கூரைக்குக் கடன் கொடுத்த அளவுக்கு பற்றரிக்கும் கம்பிக்கும் காசு போட்டிருந்தால் என்னை அணைக்கச் சொல்ல வேண்டியிருக்காது. இதற்கெல்லாம் சேர்த்தும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்கு மாதாமாதம் லாபம்தான். பில்லும் தவணையும் சேர்ந்து முன்பு கட்டிய பில்லைவிடக் குறைவு. அதனால்தான் கூரைக் கடனுக்கு ஐந்தில் நாலு.

இனி அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்றும், இதே வங்கியின் பசுமைப் பிரிவுக்கு மொத்தமாக ஏன் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பேக்கரிக்குப் பின்னால் ஒரு மேட்டு நிலம், அதற்கு மேல் பழைய தேயிலை. அந்த இரவு மேட்டின் ஒரு பக்கம் பெயர்ந்து வந்து விறகு ஷெட்டை மூடியது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, கடவுள் காப்பாற்றினார். மண்ணை அள்ளிய பிறகு வந்து பார்த்தவர் சொன்னது இரண்டே வேலை: மேலே தண்ணீர் தேங்காமல் கான் (வடிகால்) வெட்டி ஒழுங்காக ஓடையில் விட வேண்டும், கீழே கருங்கல்லில் அடியில் அகலமாக, தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைக் குழாய்கள் வைத்து ஒரு சுவர் எழுப்ப வேண்டும். மலைநாட்டில் இதுதான் அடுத்த மழைக்கான காப்பு. தோட்டத்தில் பழைய ஆட்களுக்கு இது புதிதில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து கான் வெட்டு என்று அதற்குத் தனிப் பேர் போட்டு ஆட்களை விட்டார்கள். இப்போது பல தோட்டங்களில் அதற்கு ஆளும் இல்லை, கணக்கும் இல்லை. தூர்ந்துபோன கானில் நிற்கிற தண்ணீர்தான் மண்ணைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறது.

இந்தச் சுவருக்கும் கானுக்கும் பசுமைக் கடன் கேட்டுப் போனேன். நான் சும்மா ஆசையில் கேட்கவில்லை. மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கு ஒரு வழிகாட்டித் திட்டம் வெளியிட்டது. 2022 மே மாதம், நாமெல்லாம் கேஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் ராப்பகலாக வரிசையில் கிடந்த அதே மாதம், ‘பசுமை நிதி வகைப்பாடு’ என்று ஒன்றையும் வெளியிட்டது. அப்போது யார் அதைக் கவனித்தார்கள்? எதற்குக் கொடுக்கிற காசைப் பசுமை என்று கணக்கில் சேர்க்கலாம், எதற்கு முடியாது என்று வங்கிகளுக்குச் சொல்கிற பட்டியல் அது. அதில் நோக்கங்கள் நாலு. புகையைக் குறைப்பது ஒன்று, மாறிவிட்ட காலநிலைக்கு ஈடுகொடுப்பது இரண்டாவது, அப்புறம் மாசு தடுப்பதும், சூழலையும் வளங்களையும் பேணுவதும். சோலர் முதலாவதில் வரும். மண் சரியாமல் சுவர் கட்டுவதும் கான் வெட்டுவதும் இரண்டாவதற்குள் வராமல் வேறு எதற்குள் வரும்?

தங்கச்சி மெனேஜரிடம் அனுப்பினார். மெனேஜர் கணினியைத் திருப்பிக் காட்டினார். பசுமைக் கடன் என்று அமத்தினால் கீழே இறங்குகிற பட்டியலில் இருந்தது: கூரைச் சோலர், மின்சார வாகனம், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் இயந்திரம், சிறு நீர்மின். முடிந்தது. சுவர் எங்கே? “அது கட்டுமானம், வீடு திருத்தும் கடனில் போடலாம்” என்றார். அந்தக் கடனுக்கு வட்டி கூட, அதற்கு மேல் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேறு வேண்டும். அறிக்கை கேட்பதில் எனக்குச் சண்டையே இல்லை, மலையில் அது இல்லாமல் ஒரு கல்லையும் வைக்கக்கூடாது. ஆனால் நாலு கோடி ரூபாய் மின்சார ஜீப்பைக் கொழும்பில் இருந்து ஒருவர் லீசிங் எடுத்தால் அது பசுமை, பண்டாரவளையில் மண்ணுக்கு அடியில் போகாமல் இருக்க ஒருவன் சுவர் கட்டினால் அது வெறும் கட்டுமானம் என்பதை எந்தக் கணக்கில் ஏற்றுக்கொள்வது?

மெனேஜரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார்: “ஒவ்வொரு காலாண்டும் பசுமைக் கடன் எவ்வளவு கொடுத்தோம் என்று தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். சோலர் என்றால் பலகை எத்தனை, எவ்வளவு புகை மிச்சம் என்று ஒரு எண் வரும். சுவருக்கு என்ன எண் போடுவது?” எனக்கு விஷயம் விளங்கியது அங்கேதான். சுவர் நின்றால் ஒன்றும் நடக்காது, நடக்காத ஒன்றை எப்படி அறிக்கையில் போடுவார்கள்? கம்பெனிகள் மேல் இப்போது அறிக்கை நெருக்கடியும் கூடியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் பங்குச் சந்தையில் இருக்கிற பெரிய 100 கம்பெனிகள் காலநிலை ஆபத்துகளை எல்லாம் கணக்கறிக்கைத் தரத்தோடு வெளியிட வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனம் தரம் கொண்டுவந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அறிக்கைக்கு எண் தருகிற கடன் முன்னுக்குப் போகும், எண் தராதது பின்னுக்கு நிற்கும்.

அந்த வங்கியின் ஆண்டறிக்கையைப் பதிவிறக்கிப் பார்த்தேன். அழகான அறிக்கை, பாதி படம்தான். அதில் ஒரு முழுப்பக்கத்துக்குக் கூடை போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர், பின்னால் மலை, மேலே ‘நிலைபேறு’ என்று எழுத்து. அந்த அக்காவுக்கு இந்த வங்கி ஒரு பசுமைக் கடன் கொடுக்குமா? கொடுக்காது, ஏனென்றால் அவர் குடியிருக்கிற லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, உறுதி கிடையாது. நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, இருநூறு வருடமாகக் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு கடதாசியும் இல்லை. ஹப்புத்தளைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிற என் மச்சான் மாடு நாலு வைத்திருக்கிறான். சாண எரிவாயுக் குழி போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, வீட்டு விறகும் மிச்சமாகும், குழியில் மிஞ்சுவதை மரக்கறிப் பாத்திக்கும் போடலாம். சின்னத் தொகைதான். வங்கியில் முதல் கேள்வியே “இடம் யாருடைய பேரில்?” இரண்டாவது கேள்வி நிரந்தரச் சம்பளக்காரர் பிணை. நாட்சம்பளத்துக்குப் பெயர் பதிந்தவன் அப்படிப்பட்ட இரண்டு பேரை எங்கே தேடுவான்? 2025 அக்டோபரில் எங்கள் பண்டாரவளையில் வைத்தே மலையக மக்கள் 2000 பேருக்கு வீட்டு உரித்து ஆவணம் கொடுத்தார்கள், ஜனாதிபதியே வந்திருந்தார். அந்த ஆவணத்தை ஈடாக எடுப்பீர்களா என்று லோன் பிரிவில் கேட்டேன். தலைமைக் காரியாலயத்திலிருந்து சுற்றறிக்கை வரவேண்டும் என்றார்கள்.

பசுமை என்று மேலிருந்து வந்த ஒன்றை மலைநாடு ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்ததுதான். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப எடுத்தார்கள், 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 25 கோடி கிலோவுக்கு வந்துவிட்டது. அதற்கு முந்திய வருடம் கிட்டத்தட்ட 30 கோடி. சிறுதோட்டக்காரர்கள் இன்னும் அப்போது விழுந்த கடனில் இருந்து எழும்பவில்லை. அதற்கு இந்தப் பசுமைக் கடன் எவ்வளவோ மேல், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மலையில் என்ன நடக்கிறது என்று கேட்காமலே பட்டியல் போடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சுவர்க் கடன் இல்லை என்று சொன்ன பிறகு வங்கியிலிருந்து ஒரு தம்பி கெமராவோடு வந்தார், பசுமை வாடிக்கையாளர் என்று ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க. கூரையை எடுத்தார், என்னைக் கையில் பாணோடு நிற்கவைத்து எடுத்தார். பின்பக்கம் மண் இறங்கிய இடத்தையும் எடுங்கள் என்றேன். “அது வேண்டாம் ஐயா, ஃபிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நல்ல பிள்ளை, போகும்போது கிம்புலா பணிஸ் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

எடுக்கப்போகிறவர்களுக்கு: உறுதி உங்கள் பேரில் இருந்து, கரண்ட் பில் உண்மையிலேயே பாரமாக இருந்தால் கூரைக் கடன் எடுங்கள். வங்கிக்கு முதல் மின்சார சபைக்குப் போய் உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் மற்றக் கடதாசிகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். இன்றைய யூனிட் விலையை நீங்களே விசாரித்துக் கணக்குப் போடுங்கள், துண்டுப் பிரசுரத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் ஊர் மழை மாதங்களைத் தனியாகக் கழியுங்கள். தமிழ்ப் பிரதி கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், நிறையப் பேர் கேட்டால்தான் அச்சடிப்பார்கள். சுவருக்கோ கானுக்கோ கேட்கிறவர்கள் இப்போதைக்குப் பசுமைக் கவுண்டரில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் கடைசியில் கூட்டுறவு கிராமிய வங்கியில் சாதாரணக் கடனாகத்தான் எடுத்தேன், வட்டி கூட, ஆனால் மேட்டு நிலத்தை நேரில் வந்து ஏறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். கான் வெட்டி முடிந்தது, சுவர் இடுப்பளவு வந்திருக்கிறது, வடகீழ்ப் பருவம் தொடங்குவதற்குள் மிச்சத்தையும் எழுப்பிவிட வேண்டும், கருங்கல் லொறிக்காரர்தான் சொன்ன நாளுக்கு வருவதில்லை.